இறங்காத ஐடிலிங்

ஐந்தருவி வளைவில் என் மகனின் ஸ்போர்ட்ஸ் கார் வேகம் குறையாமல் மரத்தில் மோதியது. அந்த இடத்திலேயே அவன் போய்விட்டான். அந்தக் காருக்கு வேறு எஞ்சின் மாற்றிக் கொடுத்தவன் அவனுடைய நண்பன் சலீம். துக்கம் கேட்க வந்தவனை, "நீதாம்ல எம்புள்ளையக் கொன்னுட்ட" என்று தெருவில் வைத்துக் கத்தினேன்.

காரியம் முடிந்ததும், மோதிய கார் கிடந்த தென்காசி ஷெட்டுக்கு அவனை வரவழைத்தேன். அவன் தப்பை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஓட்டுநர் பக்கம் நொறுங்கியிருந்தாலும் எஞ்சின் கிளம்பியது. ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்காமலே அலறியது; சும்மா ஓடும் ஐடிலிங் வேகத்துக்கு இறங்கவே இல்லை.

சலீம் கேபிளைக் கழற்றிப் பார்த்தான், குழாய்களில் காற்றுக் கசிவு தேடினான். கோளாறு இல்லை. கடைசியில், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் அச்சில் டார்ச் அடித்தான். அது திரும்பி மூட முடியாதபடி சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது, மேலே குங்குமம். ஆயுத பூஜையன்று, புது எஞ்சின் என்று என் மனைவிதான் கை நிறைய அப்பினாள்.

சலீம் சுரண்டி எடுத்ததும் எஞ்சின் அடங்கியது.

"மாமா, அத்தைக்கிட்ட இதச் சொல்லிராதீய. என் தப்பாவே இருந்துட்டுப் போவுது."

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றாள். "அவன் ஒத்துக்கிட்டானா?"

ஆமென்று தலையாட்டினேன்.

சலீம் இப்போது எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை. அவள் அவனைச் சபிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.