பூந்தமல்லிக்குப் போன ஆறு சிறிய பெட்டிகள்

கணினி விற்பவரிடம் எல்லோரும் அதன் வேகத்தை விசாரிப்பார்கள். அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து மின்சாரத்தை வடித்துக் கொடுக்கும் தகரப்பெட்டியைப் பற்றி, அது வெடித்த பிறகுதான் விசாரிப்பார்கள்.

அன்று அம்பத்தூரில் எங்கள் கடையில் இருந்தவர்கள் நால்வர். மகளிர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து, விருப்ப ஓய்வு பெற்று, என்னைக் கோயிலில் சொற்பொழிவு கேட்க அனுப்பிவைக்கலாம் என்று நினைத்திருந்த உறவினரை ஏமாற்றிவிட்டுக் கணினிக்கடை திறந்த நான். பாகங்களைச் சேர்த்துக் கணினி பூட்டித் தரும் என் கூட்டாளி எபினேசர். பூந்தமல்லியில் தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்த பாக்கியம். அங்கேயே லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்த அவருடைய தம்பி மாணிக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாலையில் மின்அழுத்தம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத காலம். கணினி வாங்கிக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

மேசைக்கேற்ற பெட்டி

பாக்கியத்திடம் தட்டச்சுப் பொறிகளுக்கென்றே செய்த ஆறு மேசைகள் இருந்தன. அகலம் குறைந்தவை. அகலமான மேசை போட்டால் அறையில் நடக்க இடமிராது. ஆகவே மேசையை மாற்ற இயலாது. அதற்கேற்ற கணினிதான் வேண்டும். அளவு கொண்டுவரும்படி சொல்லியிருந்தேன். அவர் பழைய தட்டச்சு ரிப்பனில் அளந்து, முடிச்சுப் போட்டு, கைப்பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பிரித்து நீட்டியதில் நால்வர் கையிலும் மை. மானிட்டரை வைத்தபின் அதன் அருகே ஒரு சாண் அகலந்தான் மிஞ்சும் என்பது தெரிந்தது. அந்த ஒரு சாணுக்குள் நிற்கக்கூடியது சிறிய கேபினட் ஒன்றுதான். வியாபாரத்தில் அதற்கு மினி டவர் என்று பெயர்.

அவருக்கு இருந்த நெருக்கடி மேசையினால் வந்ததன்று. தட்டச்சு படிக்க வருவோர் குறைந்துகொண்டே போனார்கள். பயிலகம் இருந்த அறை அக்காளுக்கும் தம்பிக்கும் பொதுவானது. அதை டயர் அடுக்கும் கிடங்காக்க மாணிக்கம் விரும்பினார். பெரியவர்கள் முன்னிலையில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. கோடை விடுமுறையில் பாக்கியம் கணினி வகுப்பு தொடங்கி, ஒரு நாளும் தடைபடாமல் முடித்துக் காட்டினால் அறை அவருக்கு. ஒரே ஒரு நாள் நின்றாலும் டயர் உள்ளே வரும். இவ்வளவையும் பாக்கியம் நிதானமாகச் சொல்லி முடித்ததும், மாணிக்கம் எபினேசரின் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கிட்டு மேசை தேடுவாங்கோ. எங்க அக்கா மேசைய வச்சிக்கினு கம்ப்யூட்டர் தேடுது. செருப்பு வாங்கிட்டுக் காலைத் தேடுற கதை, மாமே!"

கனம் பார்த்து வாங்குதல்

சிறிய கேபினட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதனுள் ஏற்கெனவே பொருத்தி அனுப்பப்படும் மின்வழங்கிப் பெட்டி பொரியுருண்டைபோல் இலேசாக இருக்கும். கடைக்காரர்கள் அதை எஸ்.எம்.பி.எஸ். என்போம். நாங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று பொருத்துவது வழக்கம். நல்லதை எப்படி அறிவது? கத்தரிக்காய் வாங்குவதுபோல் கையில் தூக்கிப் பார்ப்பதுதான் அக்காலத்து வணிக மரபு. அதில் நியாயமும் உண்டு. உள்ளே கம்பிச்சுருள் பெரிதாகவும் வெப்பம் கடத்தும் உலோகம் தடிப்பாகவும் இருந்தால் பெட்டி கனக்கத்தானே செய்யும்?

மவுண்ட் ரோடு பக்கத்து மொத்த வியாபாரியின் ஆளான சம்பத் ஒரு புதுச் சரக்கைக் கொண்டுவந்து வைத்தார். தூக்கிப் பார்த்த எபினேசர், "அம்மிக்கல்லு மாதிரி கீது மேடம்" என்று மகிழ்ந்தார். தூக்கிப் பார்ப்பதோடு திருப்தியடையும்படி நான் பௌதிகம் படிக்கவில்லை. கார் முகப்பு விளக்குப் பல்புகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தேன். பெட்டியை அவற்றோடு இணைத்து, எரியவிட்டு, உள்ளே போகும் மின்அழுத்தத்தைத் திருகுவட்டால் மெல்லக் குறைத்துக்கொண்டே வருவேன். மாலை நேரத்துப் பூந்தமல்லியை மேசைமேல் வரவழைக்கும் முறை அது. சம்பத்தின் பெட்டி முதல் திருகிலேயே அணைந்தது. திறந்தோம். உள்ளே இருக்க வேண்டிய பாகங்களில் பாதி இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் துண்டு, வாஷர் வைத்து வெகு ஒழுங்காகத் திருகப்பட்டிருந்தது. நான் சம்பத்தைப் பார்த்தேன். அவர் சிறிதும் கலங்கவில்லை. "கனமா வேணும்னீங்க, கனமா குடுத்தோம். அது ஓடவும் ஓடணும்னு நீங்க தனியா சொல்லலையேம்மா!"

சீர்வரிசையின் உயரம்

தனியாகச் சொன்ன பிறகு சம்பத் வேறொரு ரகம் கொண்டுவந்தார். முந்தையதைவிடக் கனம் குறைவு. ஆனால் தெருவிளக்கே மங்கும் அளவுக்கு மின்அழுத்தத்தை இறக்கியும் என் பல்புகள் அசையவில்லை. அதையே சிறிய கேபினட்டில் பொருத்தி, முதற்கணினி தயாரானதும் பாக்கியத்தை வரவழைத்தேன். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நூம்பலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளின் கல்யாணச் சீர்வரிசையில் கணினி வைக்க வேண்டுமாம். எங்கள் கடையின் மிக உயரமான கேபினட்டை, அதாவது இடுப்பளவு நின்ற முழு டவரை, அவர் ஒரே பார்வையில் தேர்ந்தெடுத்துவிட்டார்.

பாக்கியத்தின் முகம் வாடியது. "மேடம், பிள்ளைங்களைச் சேர்க்க வர்றவங்க முதல்ல பெட்டியைத்தானே பார்ப்பாங்க? சின்னதா இருந்தா மட்டமானதுன்னு நினைச்சுட்டா என்ன பண்றது? மேசையை வேணும்னா வித்துடறேன், எனக்கும் அதுவே குடுங்க" என்றார். மேசையை மாற்றினால் ஆறு கணினிகள் நான்காகும், மாணவர் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும், வகுப்பு தொடங்குமுன்பே பாதி தோல்வி. இதை வாதிட்டு விளங்க வைப்பதைவிடக் காட்டுவது எளிது. இரண்டு பெட்டிகளின் பக்கத் தகடுகளையும் கழற்றச் செய்தேன். உள்ளே இருந்தவை ஒன்றே. சிறியதில் அவை பாந்தமாக அமர்ந்திருந்தன. பெரியதில் கல்யாணம் முடிந்த மண்டபத்தில் நாலு நாற்காலி கிடப்பதுபோல் கிடந்தன. "ஐயா, முக்கால்வாசி காற்றுக்கு விலை கொடுக்கிறீர்கள்" என்று பெரியவரிடமும் சொன்னேன். அவர் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். பாக்கியமும் பார்த்தார், பார்த்துவிட்டு, தாம் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெரியவர் மட்டும் அசையவில்லை. "காலியா இருந்தா இன்னாம்மா? சீரு தட்டுல வச்சி நாலு பேரு தூக்கிக்கினு போவணும். இந்தச் சின்னதத் தூக்கிக்கினு போனா, பொண்ணூட்டுக்காரன் ரேடியோ குடுத்தான்னு ஊரே சொல்லும்!"

உப்பும் கரியும்

ஆறு கணினிகளும் பூந்தமல்லி போயின. வகுப்பு நிறைந்தது. மூன்றாம் நாளே புகார்: பெட்டியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்கிறது. பெட்டியில் குற்றமில்லை. அது பழைய கட்டடம். நில இணைப்பே கிடையாது. சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். நல்ல மின்வழங்கி தன் கசிவை மண்ணில் இறக்கப் பார்க்கும். இறங்க வழியில்லாவிட்டால் உங்கள் விரல் வழியாக இறங்கும். ஆகவே மறுநாள் காலையில் நானும் எபினேசரும், ஒரு செப்புத் தகடு, அரை மூட்டைக் கல்லுப்பு, ஒரு மூட்டை அடுப்புக்கரி ஆகியவற்றோடு போய், பயிலகத்தின் பின்புறம் குழி தோண்டினோம்.

அண்டை வீட்டார் சுவருக்கு மேலே தலை நீட்டினார்கள். தகடு குழிக்குள் போயிற்று. அதன்மேல் உப்பு, கரி, மறுபடி உப்பு, மறுபடி கரி. தலைகள் மறைந்தன. சிறிது நேரத்தில் மாணிக்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா மேடம் இது! படிச்சவங்கோ, நீங்களே எங்க ஊட்டாண்ட வந்து தகடு பொதைக்கிறீங்களே! எங்க அக்கா சொல்லிச்சா?" என்று கத்தினார். நிலம் மின்சாரத்தை எவ்வாறு ஏற்கிறது, அதற்கு உப்பின் ஈரமும் கரியும் எவ்வாறு உதவுகின்றன என்பதைக் கல்லூரியில் சொன்ன அதே வரிசையில் அவருக்கும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து, போய், ஓர் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்துவந்து, குழியைச் சுற்றிக் காட்டி, பழத்தை நசுக்கி எறிந்தார். எபினேசர் சிரித்ததற்கு அவர் தந்த விடை: "நீ சிரிப்பா நைனா. உப்பு கரியெல்லாம் உன் கம்ப்யூட்டருக்கு. எலுமிச்சம்பழம் எனக்கு!"

சிவப்புப் பொத்தான்

அந்நாளில் மின்வழங்கியின் முதுகில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு தள்ளுபொத்தான் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் நம் ஊர் 230 வோல்ட். மறுபக்கம் தள்ளினால் அமெரிக்காவின் 115. அமெரிக்கருக்கும் நமக்குமாக ஒரே பெட்டியைச் செய்து விற்பதற்கான சிக்கன ஏற்பாடு அது. செய்தவர் சிக்கனப்பட்டதற்கு நாம் செலவழித்தோம்.

வகுப்பு பாதி கடந்திருந்தது. ஒரு நாள் பிற்பகலில் பாக்கியம் தொலைபேசினார். ஒரே மூச்சில் சொன்னார்: ஒரு கணினி வெடித்துவிட்டது, அறையெல்லாம் புகை, நாலரை மணிக்கு அடுத்த குழு வரும், வந்து ஒரு கணினி இல்லையென்றால் வகுப்பு தடைபட்டதாகத் தம்பி சொல்லிவிடுவான். கடையில் மிச்சமிருந்த மின்வழங்கியோடு எபினேசர் ஸ்கூட்டரில் பறந்தார்; பின்னால் நான். போனால், பொத்தான் 115இல் இருந்தது; சுவரிலிருந்து வந்ததோ 230. யார் தள்ளியது என்று கேட்டேன். மாணிக்கம் உடனே ஒப்புக்கொண்டார். அதில் அவருக்கு ஒளிவுமறைவே இல்லை. கடைக்கும் பயிலகத்துக்கும் மீட்டர் ஒன்று. எண் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று எண்ணி, சோதித்துப் பார்க்க ஒன்றை மட்டும் தள்ளியிருக்கிறார். அவருடைய வஞ்சகத்தை நான் மன்னித்திருக்கக்கூடும்; கணக்கை மன்னிக்க இயலவில்லை.

ஆனால் திறந்து பார்த்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. மட்டமான மின்வழங்கி போகும்போது மதர்போர்டையும் வன்வட்டையும் உடன்கட்டை ஏற்றிக்கொண்டு போகும். இது தனியாகப் போயிருந்தது. மற்ற எதிலும் ஒரு கீறல் இல்லை. எபினேசர் பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, மதர்போர்டில் செருகும் இரண்டு முனைகளிலும் கறுப்புக் கம்பியோடு கறுப்புக் கம்பி சேர்ந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்து, முகப்பில் இருந்த பொத்தானை அழுத்தினார். திரை விழித்தது. படியில் மாணவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறு பெட்டிகளின் சிவப்புப் பொத்தான்கள்மீதும் அரக்கை உருக்கி ஊற்றிக்கொண்டே எபினேசர் மாணிக்கத்திடம் சொன்னார்: "அண்ணாத்தே, பாதி கரண்டுல ஓட்டுறதுன்னா, மொதல்ல உங்க லாரிய ரெண்டு சக்கரத்துல ஓட்டிக் காட்டுங்கோ!"

கடைசி வகுப்பு

கடைசி நாள் மாலை தேர்வு வைத்திருந்தார் பாக்கியம். என்னைக் கண்காணிப்பாளராக அழைத்திருந்தார். மாணிக்கமும் வந்தார், தனியாக வரவில்லை. தெருவில் ஒரு மாட்டுவண்டி நிறைய டயர் நின்றது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். முடிவு தெரிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டயர்கள் அதற்குள் வந்துவிட்டன. பாக்கியம் வண்டியைப் பார்த்தார், பார்த்துவிட்டு வினாத்தாளைக் கொடுக்கத் தொடங்கினார்.

தேர்வு பாதியில் இருக்கும்போது, மின்அழுத்தம் இறங்கும் வழக்கமான வேளை வந்தது. மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம் போலாயிற்று. குழல்விளக்கு இருமுறை துடித்து, ஓரங்களில் சிவந்து, அணைந்தே விட்டது. அறை இருண்டது. மாணிக்கம் வாசலில் எழுந்து நின்றார். அவர் பின்னால் வண்டிக்காரர் பீடியை அணைத்தார். நான் ஆறு பெட்டிகளின் முகப்பையும் பார்த்தேன். ஆறு பச்சைப் புள்ளிகள். ஆறு திரைகள். ஒன்றும் இமைக்கவில்லை. பிள்ளைகள் தலை நிமிரக்கூட இல்லை. இருட்டில் விரல் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வினாத்தாள் தெரியவில்லை என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி முனகினாள். விளக்கு வரும்வரை நிற்கலாமா என்று வேறொருவன் கேட்டான். பாக்கியம், "நிறுத்தக் கூடாது. ஒருத்தரும் நிறுத்தக் கூடாது" என்றார்.

பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பினார். அந்தக் கோடைகாலம் முழுவதும் அவர் தம்பியிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "மாணிக்கம், வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதேப்பா. பிள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும்."

மாணிக்கம் ஆறு திரைகளையும் ஒருமுறை பார்த்தார். அணைந்த குழல்விளக்கைப் பார்த்தார். வண்டிக்காரர், "அண்ணே, எறக்கவா?" என்று கேட்டார். மாணிக்கம் படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, மாட்டைப் பூட்டும்படி அவருக்குக் கைகாட்டிவிட்டு வெளியே நடந்தார். கணினி வணிகத்தில் இருந்த காலம் முழுவதும் எங்கள் மின்வழங்கிக்குக் கிடைத்த எழுத்து மூலமான பாராட்டு எதுவும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.