வெண்கல வளையத்துக்குள் ஒரு விரல்

பேர்ன் நகர அருங்காட்சியகம் ஒன்றில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மேசை வைத்திருந்தார்கள். அதில் ஒரு பழைய கிரேக்க வெண்கலப் பொருள் கிடந்தது. ஒட்டி நிற்கும் இரண்டு வளையங்கள், மேலே மூன்று மழுங்கிய முட்கள். வில்லின் நாணை இழுக்கவா, குதிரைக் கடிவாளத்துக்கா, எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். பக்கத்துப் பலகையை நான் கடைசி வரி வரை வாசித்தேன். அதற்குள் என் ஐந்து வயது மகள் சிறிய வளையத்துக்குள் நடுவிரலை அடிவரை நுழைத்துவிட்டாள்.

"அம்மா, வருதில்லை."

இழுத்தேன். கத்தினாள். இழுத்திருக்கக் கூடாதோ? மூட்டு வீங்கியது. நகம் நீலம் பாய்வது போலத் தெரிந்தது. விரல் போய்விடுமோ? இத்தனை காலத்துச் சாமானை அறுக்கச் சொல்லி எந்த வாயால் கேட்பது? கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி கணவர் எட்டிப் பார்த்தார்.

"பயப்பிடாதையும். ஒருத்தருக்கும் விளங்காத சாமானுக்கு எங்கட பிள்ளை வேலை கண்டுபிடிச்சிட்டாள்."

"பகிடி விடுற நேரமோ இது? நகத்தைப் பாருங்கோ!"

காவலுக்கு நின்ற சுவிஸ் பெண்மணி ஓடி வந்தார். அது நகல்தான், அறுத்தாலும் பரவாயில்லை என்றார். ஆனால் அறுக்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரி என்றதும் மகள் விம்மத் தொடங்கினாள்.

கோயிலுக்குப் போட்ட இறுக்கமான காப்புகளை அவளுக்கு எப்படிக் கழற்றுவேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைக்குழந்தையின் அழுக்குப் பம்பஸைச் சுற்றி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தேன். விரலில் கிறீம் பூசி, பையின் ஓரத்தை வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே மெல்ல மெல்ல நுழைத்தேன்.

"காப்புக் கழட்டுறமாதிரியோ அம்மா?"

"ஓமடா. கையை விறைப்பாக்காதை."

அவள் தானாகவே கையைத் தளரவிட்டாள். பையின் மேல் வழுக்கிக்கொண்டு வளையம் மூட்டைத் தாண்டியது. அந்தப் பெண்மணி கை தட்டினார். நான் அங்கேயே தரையில் குந்திவிட்டேன்.

பூம்ப்ளிஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் டிராமில் அவள் விரலை என் கையிலேயே வைத்திருந்தேன். நகத்தை அழுத்துவேன், வெளுக்கும், விட்டால் சிவக்கும். ஒவ்வொரு முறையும் சிவந்தது. ஆனாலும் இன்னொரு முறை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"காணும் அம்மா, விடுங்கோ," என்று கையைப் பறித்துக்கொண்டாள். "நோகுது, நீங்கள் அமத்துறதுதான்."