மோசஸ் என்று ஒருவர் உண்டா?

அணுபுரம் குடியிருப்பில் பிராட்பேண்ட் வந்த 2006-ஆம் வருடம் ஸ்ரீதேவி இணையவழி எம்.பி.ஏ.வில் சேர்ந்தாள். பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகிவிட்டது. மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளை விடவில்லை.

பாடங்கள் ஒழுங்காகத்தான் வந்தன. மாணவர்கள் பேசிக்கொள்வதற்கென்று இருந்த பக்கம்தான் வெறிச்சோடிக் கிடந்தது. சந்தேகம் கேட்டால் பேராசிரியர் வாய் திறப்பதில்லை. மோசஸ் என்ற ஒருவர் மட்டும் பதில் எழுதுவார், அதுவும் உடனுக்குடன். பிழையில்லாத ஆங்கிலம், சலிப்பே இல்லாத பணிவு. முதலில் ஆறுதலாக இருந்தது. போகப்போக உறுத்தியது.

கணவர் திருநாவுக்கரசு வேறு தூபம் போட்டார். "அவன் ஸ்டூடன்டே கிடையாது. கிளாஸ் நடக்குற மாதிரி காட்ட காலேஜ்காரனே வச்சிருக்குற ஆளு."

அவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. மோசஸிடம் எந்த ஊர் என்று நைசாக விசாரித்தாள். மாமல்லபுரம், ஓட்டலில் ரிசப்ஷன் வேலை என்றார். எந்த ஓட்டல் என்றதற்குப் பதில் இல்லை. வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அனுப்பினாள். பொறுமையாகத் திருத்தி அனுப்பினார். எந்த மாணவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்கும்? சம்பளத்துக்கு எழுதுகிறவன்தான் என்று முடிவுகட்டி, கேட்பதையே நிறுத்தினாள். பக்கம் ஊமையாயிற்று. தனியாக முட்டிமோதிப் பார்த்தும் புள்ளியியல் ஏறவில்லை.

செங்கல்பட்டில் தேர்வு. வருகை எடுக்கும்போது "மோசஸ்" என்றதும், ஓட்டல் யூனிபார்மோடு மூச்சுவாங்க ஓடிவந்த ஒருவர் கை தூக்கினார். தேர்வு முடிந்ததும் மாடிப்படியில் அவரை மடக்கித் தன் பெயரைச் சொன்னாள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"நீங்க நெஜமாவே கீறீங்களா மேடம்?"

கேள்வியாகக் கேட்டுத் தன்னைச் சோதித்து மார்க் போடக் கல்லூரி வைத்த ஆள் அவள் என்று நினைத்தாராம். ஓட்டலுக்கே வந்து விசாரிப்பார்களோ என்ற பயத்தில்தான் அதன் பெயரை மறைத்தாராம். அத்தனை பணிவும் மார்க்குக்குத்தானா என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளும் அவரை வேவுதானே பார்த்திருந்தாள்.

பின்னால் நின்ற லதா என்ற பெண் தயங்கியபடி சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் எழுதினதத்தான் நாங்கல்லாம் படிச்சிகினு இருந்தோம். இங்கிலீஷ் தப்பாயிடும்னு யாரும் எழுதல. நீங்க நிறுத்துனதும் எங்களுக்கும் ஒண்ணும் புரியல."

ரிசல்ட் வந்தபோது ஸ்ரீதேவி புள்ளியியலில் தோற்றிருந்தாள். அன்றிரவே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேள்வி கேட்டாள். மோசஸும் அப்படியே பதில் எழுதினார். பிறகு லதா, அவளைப் பார்த்து இன்னும் சிலர். மறுமுறை ஸ்ரீதேவி தேறினாள்.

பட்டம் வாங்கி நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், முகம் தெரியாதவர்களிடமிருந்து மெயில் வந்தால் அவள் முதலில் போன் போட்டுக் குரலைக் கேட்டுவிடுவாள். அப்புறம்தான் பதில்.