வெள்ளைத் துண்டில் விழுந்த கரி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் ஓடும். புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அந்தத் தடவை அது வந்து சேர ஆறு நாள் ஆனது.

குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையின் பின்சுவரை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். இரண்டு ஷிப்டு ஆட்களும் என்னிடம்தான் சாப்பிடுகிறார்கள். பெரிய அடுப்பில் சோறு. அதன் தீயே பக்கவாட்டில் போய் எரியும் கொடி அடுப்பில் குழம்பு. எல்லாம் விறகுதான். கடை சிலிண்டர் எனக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு சனிக்கிழமை பட்டறை முதலாளி வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். துண்டு முழுக்கக் கறுப்புப் பொட்டு.

"ஏனுங்க்கா, இதப் பாருங்க. பூராம் உங்க அடுப்புக் கரி. சன்னல் வழியா வந்து தறி மேல உளுகுது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள நிக்கலீன்னா அடுப்ப எடுத்துருங்க."

"எடுத்துட்டு எதுலீங்க தம்பி ஆக்கறது?"

"அது உங்க பாடுங்க்கா."

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் வயிற்றில் அடித்துவிட்டுப் போனார். இடம் அவருடையது. அடுப்பு போனால் கடை போச்சு. விடுவதில்லை என்று அப்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பவானியிலிருந்து விறகுக்காரர் வந்தார், பாவம். சின்ன யானை என்கிற குட்டி லாரி நிறையச் சீமைக்கருவேல விறகு. இறக்கக்கூட விடவில்லை. பச்சை விறகைப் போட்டு என் பிழைப்பைக் கெடுத்துவிட்டாய் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெரியவர் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார்.

"நல்லா ஒணந்து காஞ்ச வெறகுங்க அம்மிணி. சத்தத்தக் கேளுங்க."

கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். இருந்த விறகையெல்லாம் கைத்தடிமனுக்குப் பிளந்து, தகரக் கூரை மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போகிற மாதிரி அடுக்கினேன். அடுப்பு வாயின் விரிசலைச் செம்மண்ணும் சாணமும் உமியும் பிசைந்து அடைத்தேன். மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றிப் புகைக்குழாய்க்குள் விட்டு இழுத்ததில் ஒரு கூடைக் கரி வந்தது. அதில் பாதி என் தலையில். அதற்கு மேல் குழாயை மூன்று முழம் உயர்த்தியும் வைத்தேன். புகை ஆகாயத்துக்குப் போகட்டும், இவர் வாயையும் மூடட்டும் என்று.

வியாழக்கிழமை இன்னொரு துண்டு வந்தது. பொட்டு முன்னைவிட அதிகம். முதலாளி அதை அடுப்பு மேடையில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்ததால் அழவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வெளியே ஓடிப்போய் அண்ணாந்து நின்றேன். புகை சன்னமாகத்தான் வந்தது. ஆனால் முதல் இரண்டு நிமிடம், கருகிய நூல் சுருள் சுருளாகக் குழாயிலிருந்து பறந்தது. நான் உயர்த்தி வைத்த குழாய் அதைச் சரியாகப் பட்டறைச் சன்னலின் மட்டத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது.

தறி துடைத்த வேஸ்ட் நூல்! எண்ணெய் ஊறியது. ஒரு பிடி அள்ளி விறகுக்கு அடியில் வைத்தால் ஒரே குச்சியில் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் பாதி அடுப்பு அப்படித்தான் பற்றுகிறது, யாரும் யோசிப்பதில்லை. திங்கட்கிழமைதோறும் எனக்கு ஒரு மூட்டை அனுப்புவது யார்? அதே முதலாளிதான்.

கையைப் பிடிக்காத குறையாக அவரைக் கூட்டிவந்தேன். சன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பெரிய அடுப்பை வேஸ்ட் வைத்துக் கொளுத்தினேன். துணியில் பொட்டு விழுந்தது. எல்லாவற்றையும் அணைத்து, வேறு துணி கட்டி, காய்ந்த தென்னம்பாளையைக் கிழித்துவைத்துப் பற்றவைத்தேன். அதே விறகுதான். துணி வெள்ளையாகவே இருந்தது.

"எங்க வேஸ்ட்டுங்களா?" என்று தலையைச் சொறிந்தார். "இனி மூட்டை அனுப்பலீங்க்கா."

"அடுப்பு?"

"இருக்கட்டுமுங்க."

ஜெயித்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால் மூலையில் ஏழெட்டுக் கட்டைதான் கிடந்தது. சனிக்கிழமைச் சோற்றுக்கு விறகில்லை. விறகுக்காரருக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் ஊருக்கு நடந்தேன். என்ன பேசுவதென்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பவானியில் அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க அம்மிணி" என்றார், அவ்வளவுதான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. அவமானமாக இருந்தது. அடுக்கிலிருந்து இரண்டு கட்டையை உருவி நானே தட்டினேன். டங்கென்று கேட்டது.

"நல்லா ஒணந்திருக்குதுங்கண்ணா."

"அன்னைக்கும் இதே சத்தந்தானுங்க அம்மிணி."

"அன்னைக்கு என் காதுல என் சத்தந்தானுங்க கேட்டுச்சு."

அவர் போய் வண்டியின் பின்கதவை இறக்கினார். முதல் கட்டையை நான்தான் தூக்கி வைத்தேன்.