சிதோனியின் எண்ணெயும் விரியன் கடியும்

பிரான்ஸ் நாட்டு ப்ரோவான்ஸ் மலைச்சரிவில் லாவெண்டர் எண்ணெய் இல்லாத வீடு கிடையாது. தீக்காயமா, குளவிக் கொட்டா, பிள்ளைகள் தலையில் பேன் தொல்லையா, எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய்தான். அதிலும் சிதோனி தடவினால்தான் கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. வேட்டைநாயை விரியன் கடித்தாலும் லாவெண்டர்தான் தேய்ப்பார்கள். போன வருஷம் பக்கத்து வீட்டு நொரீனின் நாய் சிதோனி கையால்தான் பிழைத்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் மாத லாவெண்டர் அறுவடை. அவள் கணவன் எல்செயார் குனிந்து, ஒரு பிடி பூந்தண்டைச் சேர்த்துப் பற்றி அரிவாளை இழுத்தான். புதர் நிழலில் சுருண்டு கிடந்த விரியன் மணிக்கட்டில் ஒரே போடு.

சிதோனி எண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், வீக்கமோ முழங்கையைத் தாண்டியது.

"டாக்டர்கிட்ட போயிடலாம்யா."

"போடி பைத்தியக்காரி! நாய்க்கே கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா? இன்னும் ஊத்து."

"பதறாதக்கா," என்று அறுவடைக்கு வந்திருந்த நொரீனும் ஒத்து ஊதினாள். "உன் கைக்குக் கேக்காம போகுமா?"

அப்போதுதான் சிதோனிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த நாயை நிஜமாகவே விரியன்தான் கடித்ததா? யார் பார்த்தார்கள்? எல்செயார் வாந்தி எடுத்தான். உதடு தடித்து, பேச்சுக் குழறியது.

அவன் திட்டத் திட்ட, கோவேறு கழுதை வண்டியில் அவனை ஏற்றி, மலைப்பாதையில் விரட்டிக்கொண்டு இறங்கினாள். வழியில் அவன் திட்டுவதை நிறுத்தினான். அதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். "திட்டுய்யா, ஏதாவது சொல்லித் திட்டு!" என்று அழுதுகொண்டே ஓட்டினாள்.

டாக்டர் விஷமுறிவு ஊசி போட்டார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆள் இல்லம்மா," என்றார்.

பிழைத்துக்கொண்டான் மகராசன். கையில் கட்டோடு, சிதோனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதுக்கடையில் உட்கார்ந்து ஊருக்கே கதை சொன்னான்: "ஊசி கிடக்குது ஊசி! என் உசிரைப் புடிச்சு வச்சது இவ எண்ணெய்தான்!"

நொரீன் தன் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சிதோனியின் கையைப் பிடித்தாள். "இனிமே எனக்குப் பயமே இல்லக்கா. இவளைப் பாம்பு கடிச்சாலும் நேரா உன்கிட்டதான் தூக்கிட்டு ஓடிவருவேன்."

சிதோனி அவள் பிடியிலிருந்து கையை உதறிக்கொண்டாள்.

"வராதே!" என்று அலறினாள். "என் வாசலுக்கு வராதே நொரீன்! டாக்டர்கிட்ட ஓடு! என் எண்ணெய் ஒண்ணும் செய்யல!"

கடையே சிரித்தது.

"எவ்வளவு அடக்கம் பாரு, எங்கக்காவுக்கு!" என்றாள் நொரீன்.