படிக்காத ஆறு கட்டுரைகள்

என் மகள், மல்லிகைச் செடியைத் தாக்கும் மொட்டுப்புழுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புமுன் என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தாள். நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். வேப்பெண்ணெய் தெளித்தால் புழு குறையும் என்பதற்கு ஒரேயொரு ரிவ்யூ கட்டுரையை ஆதாரமாகக் காட்டியிருந்தாள். பிறருடைய ஆய்வுகளை ஒருவர் திரட்டிச் சுருக்கி எழுதியது அது.

"என்ன தாயி, கோனார் நோட்ஸப் பாத்து எழுதுன மாதிரி இருக்கு. மூல ஆய்வுகளப் போடு."

"அத நான் படிக்கலையேப்பா."

"இந்த ரிவ்யூக்காரரு படிச்சிருக்காருல்ல. பின்னாடி பட்டியலே இருக்கு."

"வேண்டாம்ப்பா," என்று தயங்கினாள். நானே மடிக்கணினியை இழுத்து, ரிவ்யூவின் பெயரை நீக்கிவிட்டு, அதன் பட்டியலிலிருந்து ஆறு கட்டுரைகளைத் தட்டச்சு செய்தேன். இப்போது கட்டுரைக்கு ஒரு கனம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் அவளைக் கல்லூரிக்கு அவசரமாக வரச் சொன்னார். வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராந்தாவில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

"இந்த ஆறையும் படிச்சியாம்மா?"

"இல்ல மேடம்."

"இதுல ஒண்ண எழுதுனவருகிட்டயே உன் கட்டுரை மதிப்பீட்டுக்குப் போயிருக்கு. தோட்டத்துல வேப்பெண்ணெய் பலன் தரலைன்னுதான் அவரு முடிவு. ரிவ்யூக்காரரு லேப்ல பலன் தந்தத மட்டும் எடுத்திருக்காரு. பக்க எண்கூட ரிவ்யூல இருக்குற தப்போடயே போட்டிருக்க. படிக்காததப் படிச்சதாக் காட்டுனா அது பொய்யி. உன்ன இங்க வச்சுக்கலாமான்னே யோசிக்கிறேன். யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல மேடம். நாந்தான்."

அடுத்தவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். உள்ளே போனேன்.

"நாந்தான் மேடம் போட்டேன். வேண்டாம்னுதான் சொன்னா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்தியாருன்னு சொன்னாளே."

தலையசைத்தேன்.

"ஆய்விதழ்கிட்டருந்து கட்டுரையத் திரும்ப வாங்கி நீயே எழுது," என்றார் அவளிடம். "ஆறையும் தேடிப் படி. படிச்சத மட்டும் போடு. கிடைக்காததுக்கு ரிவ்யூ பேரையே சொல்லு, அதுல கேவலம் ஒண்ணுமில்ல. அப்புறம் பாக்கலாம்."

வத்தலக்குண்டு சாலையில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "இனிமே எழுத்துப்பிழை மட்டும் பாருங்கப்பா."

ஆறில் நான்கு கட்டுரைகள் கிடைத்துவிட்டன, படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அங்கே தொடர்வாளா என்று இன்னும் தெரியவில்லை. அவள் அறைக் கதவைத் தட்டவே எனக்குப் பயமாக இருக்கிறது.