சொல்லாமல் நிறுத்திய மாத்திரை

மாரடைப்பு வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. ஒரு காலை ஷிப்டில், லோரியிலிருந்து இறக்கிய சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இடது தோள் கனத்து, வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஒரு பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று பீட்டா பிளாக்கர். இதயத்தை நிதானமாகத் துடிக்க வைத்து அதன் வேலையைக் குறைக்கும் என்று மருந்து கொடுத்த பெண் விளக்கினாள்.

இதயம் நிதானமானது. நானும்தான். குளித்து முடிப்பதற்குள் களைப்பு வந்துவிடும். விரல் நுனிகள் சில்லென்றிருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மனைவி பக்கத்தில் வந்தால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு முறை அப்படி ஆனபிறகு, முதுகுவலி என்று சொல்லி ஹாலில் சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். அவள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.

அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். மற்றதையெல்லாம் விழுங்கினேன், அதை மட்டும் டிஷ்யூவில் சுற்றி எறிந்தேன். ஐந்தாம் நாள் மனைவியோடு பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் மீனை அப்படியே விட்டுவிட்டு, காரை எடுத்து, என்னை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் எங்கள் மகள் வயதுள்ள தமிழ்ப் பெண். படபடப்பு அடங்கியதும், மருந்தை நிறுத்தினீர்களா என்று கேட்டாள். தலையாட்டினேன். ஏன் என்று கேட்டாள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எப்போதும் என்னைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கிற மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இவருக்குச் சொல்ல வெக்கம் டாக்டர். நானே சொல்றேன். இந்த மருந்து எடுத்ததுலேர்ந்து என் பக்கத்துல வரதே இல்ல. எனக்கு அது பரவால்ல. தனியா படுத்துக்கிட்டு மருகுறாரே, அதத்தான் பாக்க முடியல."

டாக்டர் சிரிக்கவில்லை. இதைத் திடீரென்று நிறுத்தினால் இன்னொரு மாரடைப்புகூட வரலாம் என்றாள். காரணம் மருந்தாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். நிறையப் பேர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள் என்றாள். அளவைக் குறைத்து எழுதினாள். ஆண்மைக்கென்று வெளியே விற்கும் மாத்திரை எதையும் நானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, நெஞ்சு மருந்தோடு மோதும் என்று எச்சரித்தாள்.

"ரெண்டு வாரம் போகட்டும் அங்கிள். அப்புறம் மூச்சு வாங்காம ரெண்டு மாடி ஏற முடிஞ்சா, ஆன்ட்டி பக்கத்துல போக பயப்பட ஒண்ணும் இல்ல."

இரண்டு வாரம் கழித்து எங்கள் பிளாட்டில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினோம். இரண்டாம் மாடியில் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத்தான் மூச்சு வாங்குது லா."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். மருந்தால்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை முதல் வாரமே படித்துவிட்டாளாம்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அன்றைக்கே அறைக்குத் திரும்பினேன். உடம்பு உடனே பழையபடி ஆகிவிடவில்லை. சில நாள் முடியும், சில நாள் முடியாது. முடியாத நாளில் பேசிக்கொண்டே தூங்கிப்போகிறோம்.